மழையின் நான்கு பைட்டுகள்

வாளி ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மில்லிமீட்டர் மழை. அதுதான் கணக்கு. மழைமானியின் புனலுக்குக் கீழே சீசா பலகை போல இரண்டு சின்ன வாளிகள் இருக்கும். ஒன்று நிறைந்ததும் சாய்ந்து கொட்டிவிடும், மற்றது மேலே வந்து ஏந்திக்கொள்ளும். சாயும் ஒவ்வொரு முறையும் அதில் ஒட்டிய காந்தம் ஒரு ரீட் சுவிட்சைக் கடக்கும். சுவிட்ச் ஒரு கணம் மூடித் திறக்கும். பக்கத்துப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் சிப் விழித்து, தன் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டு மறுபடி தூங்கப் போகும்.

பூப்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டச் சரிவில் நான் வைத்த மழைமானியில் ஒருநாள் விடியும் முன் அந்த எண்ணிக்கை 200 ஆனது. 40 மில்லிமீட்டர் மழை. அந்த 200 எங்கே பிறந்து, யார் யார் கைமாறி, எப்படி ஊர் வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சரிவிலிருந்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வரை அது வானொலி அலையில் போகிறது. ஸ்டோரிலிருந்து சிம் கார்டு வழியாக மலையிறங்கிப் போடிக்கு வருகிறது. மூடுபனி, இடி, மரக்கிளை, மின்வெட்டு எல்லாம் அந்த வழியில் உண்டு. ஆனாலும் இந்தப் பயணத்தில் மிக ஆபத்தான பகுதி எது என்று கேட்டால், சிப்புக்குள்ளேயே நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அது நகரும் ஒரு நகம் அகல தூரம்தான் என்பேன்.

போடிமெட்டுச் சாலையை விடியலில் பார்த்தவர்களுக்கு அந்த ஜீப்புகளைத் தெரிந்திருக்கும். தேனி மாவட்டத்தின் ஊர்களிலிருந்து பெண்கள் தூக்குவாளியும் பிளாஸ்டிக் கொங்காணியுமாக ஏறிக்கொள்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இறங்குகிறார்கள். களை எடுப்பு, காய் எடுப்பு. மாலையில் அதே ஜீப்பில் திரும்பி வருகிறார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, மூன்று வாசலிலும் இதுதான் வழக்கம். கீழே போடியில் வெயில் அடிக்கும்போது மேலே என்ன மழை பெய்திருக்கிறது என்பது ஜீப்பில் ஏறும்வரை அவர்களுக்குத் தெரியாது. மண் எவ்வளவு நீர் குடித்து ஊறியிருக்கிறது என்பது ஏறிய பிறகும் தெரியாது.

2018 ஆகஸ்ட் பெருமழையில் பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதிச் சாலை மண்சரிவில் துண்டாகி, மலைமேல் இருந்தவர்கள் தனித்தீவில் மாட்டிக்கொண்டதைப் போல் ஆனார்கள். இரண்டு ஆண்டு கழித்து 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில், தேயிலைத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மேல் மலை இறங்கியது. 70 பேர் போனார்கள். ஏறக்குறைய எல்லாரும் நம் தமிழ்க் குடும்பங்கள். கயத்தாறு பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் பலர். மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. மலை சரிந்த செய்தி வெளியே வந்து சேர்ந்தது மறுநாள் காலையில்தான். செய்தியின் பயணம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரவைவிடப் பெரிய சாட்சியம் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் நான் மழைமானி செய்யத் தொடங்கினேன்.

இந்த மலையில் இந்த வேலையைச் செய்த முதல் ஆள் நானல்ல. 2005 ஜூலையில் மண் சரிந்த மூணாறு அந்தோணியார் காலனிச் சரிவில், அமிர்தா பல்கலைக்கழகத்தின் மனீஷா ரமேஷ் தலைமையிலான குழு சில ஆண்டுகளுக்குள் கம்பியில்லா உணரி வலை ஒன்றைப் பதித்தது. ஆழ்துளைகளில் இறக்கிய மானிகள் மண்ணின் துளைகளுக்குள் இருக்கும் நீர் அழுத்தத்தை அளக்கும். சாய்வை அளக்க ஒன்று, ஈரத்தை அளக்க ஒன்று, அதிர்வைக் கேட்க ஜியோஃபோன், மேலே மழைமானி. அளவுகள் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் பக்கத்து அமிர்தபுரி வளாகம் வரை போயின. மண்சரிவை முன்னறிய நம் நாட்டில் நடந்த முன்னோடி முயற்சி அது. அதற்குரிய பெயர் அதற்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

அந்த வலையில் இருந்தவை மைக்காஇசட் என்ற கைக்கடக்கக் கருவிகள். உள்ளே அட்மெகா128எல் என்ற 8 பிட் சிப், 4 கிலோபைட் நினைவகம், சிசி2420 ரேடியோ. பதினைந்து ஆண்டு கழித்து நான் வாங்கியது 32 பிட் சிப், கோர்டெக்ஸ் எம்0 வகை. விலை குறைவு, வேகம் அதிகம், மின்சாரம் சொற்பம். எல்லா வகையிலும் மேல் என்றுதான் நினைத்தேன். ஒரே ஒரு விஷயத்தில் அந்தப் பழைய 8 பிட் சிப்புக்கு இருந்த சுதந்திரம் இதற்கு இல்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு மழைக்காலம் ஆனது.

நினைவகத்தை ஒரு நீண்ட லயமாக நினைத்துக்கொள்ளுங்கள். வாசல்களுக்கு 0, 1, 2, 3 என்று வரிசையாக எண். வீட்டுக்கு ஓர் ஆள், அந்த ஆள்தான் பைட். என் மழை எண்ணிக்கைக்கு நான்கு பைட் வேண்டும். 200 என்ற எண் அங்கே 200, 0, 0, 0 என்று நான்கு வீட்டில் குடியிருக்கும். இந்த நால்வரையும் வேறிடத்துக்கு ஏற்றிப்போக ஒரு ஜீப் வருகிறது. 32 பிட் சிப்பின் ஜீப்பில் நான்கு இருக்கை. ஆனால் அது 0, 4, 8, 12 என்று நான்கால் வகுபடும் வாசல்களில் மட்டும்தான் நிற்கும். அங்கே நின்று அந்த வாசலையும் அடுத்த மூன்று வாசலையும் ஒரே வீச்சில் ஏற்றிக்கொள்ளும். இதைத்தான் எங்கள் தொழிலில் அலைன்மென்ட் என்கிறோம்.

ஏன் இப்படிக் கட்டுகிறார்கள்? நினைவகத்திலிருந்து சிப்பின் கணக்கிடும் பகுதிக்கு 32 கம்பிகள்; நினைவகம் நான்கு பைட் கொண்ட வரிசைகளாகத்தான் கோக்கப்பட்டிருக்கிறது. இரண்டு வரிசையில் கால் வைத்திருக்கும் எண்ணை எடுக்க வேண்டுமானால் இருமுறை படித்து, வெட்டி, ஒட்ட வேண்டும். அந்த வெட்டு-ஒட்டுச் சுற்றமைப்பைச் சேர்த்தால் சிப் பெரிதாகும், விலை ஏறும், மின்சாரம் தின்னும். காசுக்கும் மின்சாரத்துக்கும் கட்டுப்பட்ட சின்ன சிப்பில் அதை விட்டுவிட்டார்கள். நியாயமான முடிவுதான்.

இப்போது என் செய்திப் பொட்டலத்தைப் பாருங்கள். ரேடியோவில் அனுப்பும் பொட்டலத்தின் முகப்பில் நீளத்துக்கு 1 பைட், கட்டுப்பாட்டுக்கு 2, வரிசை எண்ணுக்கு 1, வலையின் அடையாளத்துக்கு 2, பெறுபவர் முகவரிக்கு 2, அனுப்புபவர் முகவரிக்கு 2, செய்தி வகைக்கு 1. கூட்டினால் 11. இது நான் கண்டுபிடித்த ஒழுங்கல்ல. 2003ல் வெளிவந்த 802.15.4 தரத்தைத் தழுவி, உணரி வலைகளுக்கென்றே எழுதப்பட்ட டைனிஓஎஸ் இயங்குதளம் சிசி2420 ரேடியோவுக்கு வைத்திருந்த முகப்பு இப்படித்தான் இருந்தது. முழுப் பொட்டலமும் 127 பைட்டுக்கு மேல் போகக்கூடாது என்பதால் ஒவ்வொரு பைட்டையும் கஞ்சத்தனமாக அடுக்கியிருக்கிறார்கள். 0லிருந்து எண்ணினால் முகப்பு 10ல் முடிகிறது. என் மழை எண்ணிக்கை 11ம் வாசலில் தொடங்கி 14ல் முடிகிறது. ஜீப் 8ல் நிற்கும், 12ல் நிற்கும். 11ல் நிற்காது.

"11ல் நின்று நாலு பேரை ஏற்று" என்று உத்தரவு கொடுத்தால் ஒவ்வொரு ஓட்டுநரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறார். இது எனக்கு இன்றும் வியப்பு.

மைக்காஇசட்டின் 8 பிட் சிப் ஜீப்பே அல்ல, பின்னால் ஒருவரை மட்டும் ஏற்றும் மோட்டார் சைக்கிள். எந்த வாசலிலும் நிற்கும். நாலு நடை அடிக்கும், வேலையை முடிக்கும். அதனால் அந்தோணியார் காலனிக் கருவிகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

அதே காலத்தில் உணரி வலைகளில் ஓடிய டெலாஸ்பி கருவியில் இருந்தது எம்எஸ்பி430 என்ற 16 பிட் சிப். அதன் வண்டியில் இரண்டு இருக்கை. இரட்டைப்படை வாசல்களில் மட்டும் நிற்கும். 11 என்று சொன்னால் அதன் கடைசி பிட்டைக் காதில் வாங்காமல் 10ல் நின்று 10, 11 வாசல்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். 10ல் இருப்பது செய்தி வகை. அது 6 என்று வைத்துக்கொண்டால், இரண்டு பைட்டில் எழுதிய 200 என்ற அளவு 51,206 ஆகப் போய்ச் சேரும். புகார் இல்லை, எச்சரிக்கை இல்லை.

ஏஆர்எம்7 இன்னும் விசித்திரம். முந்தைய தலைமுறைக் கைபேசிகளில் ஓடிய சிப் அது. 8ல் நின்று 8, 9, 10, 11 நால்வரையும் ஏற்றி, நீங்கள் கேட்டது 11 என்பதால் அவரை முதல் இருக்கைக்கு மாற்றி உட்கார வைக்கும். மற்ற மூவரும் அவருக்குப் பின்னால் வரிசையாக. அனுப்புபவர் முகவரி 5, செய்தி வகை 6 என்றால் என் 200 இப்போது 10,06,64,776 ஆகிவிடும். வாளி பத்துக் கோடி முறை கவிழ்ந்த கணக்கு.

1979ல் வந்த மோட்டோரோலா 68000 இந்த விஷயத்தில் நேர்மையான சிப். ஒற்றைப்படை முகவரியில் 16 பிட்டோ 32 பிட்டோ கேட்டால் உடனே முகவரிப் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். கோர்டெக்ஸ் எம்3, எம்4 ஓட்டுநர்கள் பொறுமைசாலிகள். தாமே 8லும் 12லும் நின்று, வேண்டாதவர்களை இறக்கிவிட்டு, கேட்ட நால்வரைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவே. எம்0 அந்த ஓட்டுநர்களின் தம்பி, ஆனால் அந்தப் பொறுமை இல்லை. 11 என்று கேட்டதும் வண்டியை அணைத்துச் சாவியைப் பிடுங்கிக்கொள்வார். அதற்கு ஹார்ட் ஃபால்ட் என்று பெயர்.

என் நிரலை வீட்டு மேசையில் எம்4 பலகையில் வைத்துத்தான் எழுதிச் சோதித்தேன். குழாய்த் தண்ணீரைச் சொட்டவிட்டு ஒரு வாரம் ஓட்டினேன். எண்ணிக்கை பிசகவில்லை. பிறகு மலைக்குப் போகும் பெட்டியில் எம்0 சிப்பைப் பொருத்தி, அதே நிரலை ஏற்றி, ஜூன் முதல் வாரத்தில் சரிவில் நட்டுவிட்டு இறங்கினேன். அப்போது பொட்டலத்தின் முகப்பு 12 பைட். ஒரு பைட்டைத் தேவையில்லாமல் விட்டிருந்தேன். 12 நான்கால் வகுபடும், ஆகவே எல்லாம் ஓடியது. பத்து நாள் கழித்து, வீட்டிலிருந்தே புதிய நிரலை அனுப்பும்போது அந்த வீண் பைட்டை எடுத்துவிட்டேன். முகப்பு 11 ஆனது.

அன்றிரவு தோட்டத்துக் கணக்குப்பிள்ளை போனில் கூப்பிட்டார். "தம்பி, உங்க மிஷினு மழையே இல்லங்குதே. இங்க சாயங்காலத்துலருந்து ஊத்து ஊத்துனு ஊத்துது. ஓடையில தண்ணி செவப்பா வருது."

"கருவி உயிரோடதாண்ணே இருக்கு. கொஞ்சத்துக்கு ஒருக்கா செய்தி வருதே" என்றேன்.

"வருது தம்பி. மழை சைபருன்னு வருது."

நடந்தது இதுதான். வாளி கவிழ்கிறது, எண்ணிக்கை ஏறுகிறது. அனுப்பும் நேரம் வந்ததும் நிரல் அந்த எண்ணை 11ம் வாசலில் நான்கு பைட்டாக ஒரே வீச்சில் எழுதப் பார்க்கிறது. சிப் நின்றுவிடுகிறது. நின்ற சிப்பை எழுப்புவதற்கென்றே வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரம் உண்டு. அது சிப்பை மறுபடி தொடக்கத்திலிருந்து கிளப்புகிறது. கிளம்பியதும் எண்ணிக்கை பூஜ்யம். முதல் வேலையாக "உயிரோடு இருக்கிறேன், மழை 0" என்று ஒரு செய்தியை அனுப்புகிறது. அந்தச் செய்தி மட்டும் ஒவ்வொரு பைட்டாக எழுதும் வேறு பாதையில் போனதால் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. மறுபடி மழையை எண்ணுகிறது, மறுபடி நிற்கிறது. விடிய விடிய மலை கொட்டிய இரவில் என் திரை முழுக்கப் பூஜ்யங்கள்.

அன்று சரிவு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால், "மழை இல்லை" என்று ஊருக்குச் சொன்னது என் கருவியாக இருந்திருக்கும். கருவியே இல்லாதிருந்தால் கணக்குப்பிள்ளை வானத்தைப் பார்த்திருப்பார், ஓடையைப் பார்த்திருப்பார். பொய் சொல்லும் கருவி இல்லாத கருவியைவிட மோசம். அந்தப் பயம் இன்னும் என்னை விடவில்லை.

திருத்தம் மிக எளிது. முகவரியைப் பிடித்து நான்கு பைட்டாக எழுதாதே. சி மொழியின் மெம்காப்பி என்ற நகலெடுக்கும் நிரலிடம் "இந்த நான்கு பைட்டை அங்கே கொண்டுபோய் வை" என்று சொல். எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்கு என்றாலும் சரியாகக் கொண்டுசேர்ப்பது அதன் பொறுப்பு. டைனிஓஎஸ் எழுதியவர்கள் இந்தத் தொல்லையைப் பல ஆண்டு முன்பே பார்த்துவிட்டார்கள். வலையில் போகும் எண்களுக்கென்று தனி வகையையே தங்கள் நிரல்மொழிக்குள் கொண்டுவந்தார்கள். அந்த வகையில் அறிவித்துவிட்டால், 8 பிட் மைக்காஇசட்டும் 16 பிட் டெலாஸ்பியும் ஒரே பொட்டலத்தை ஒரே மாதிரி படிக்கும். அலைன்மென்ட்டைப் பற்றி நிரல் எழுதுபவர் நினைக்கவே வேண்டாம். அந்த நல்ல வழக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் மலையேறியது என் தவறு.

மெம்காப்பி தன் பொறுப்பை எப்படி நிறைவேற்றுகிறது என்று பார்க்கப்போய், மூன்று வாரம் அதற்குள்ளேயே கிடந்தேன். எல்லா நிரலாளரும் நாளும் கூப்பிடும் நிரல், அதற்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எளிய வழி ஒவ்வொரு பைட்டாக எடுத்து வைப்பது. எம்0 சிப்பில் ஒரு பைட்டைப் படிக்க 2 கடிகாரச் சுற்று, எழுத 2, எண்ணிக்கையைக் குறைக்க 1, திரும்பத் தாவ 3. பைட்டுக்கு 8 சுற்று. என் ஸ்டோர் கருவி எஸ்டி கார்டில் 512 பைட் துண்டுகளாக எழுதுகிறது. ஒரு துண்டை இந்த வழியில் நகலெடுக்க 4,096 சுற்று ஆகும். இங்கே நான் சொல்லும் கணக்கெல்லாம் நினைவகம் காத்திருக்க வைக்காது என்று வைத்துக்கொண்டு போட்டது.

எம்0வில், சிப் தன் கையில் எண்களை வைத்துக்கொள்ளும் இடங்களான ரெஜிஸ்டர்கள் பலவற்றை ஒரே கட்டளையில் நிரப்பவும் காலி செய்யவும் வழி இருக்கிறது. நான்கு ரெஜிஸ்டரை நிரப்ப 5 சுற்று, காலி செய்ய 5, குறைக்க 1, தாவ 3. 16 பைட்டுக்கு 14 சுற்று. 512 பைட்டுக்கு 448. ஒன்பது மடங்கு வேகம்! ஆனால் எடுக்கும் இடம், வைக்கும் இடம் இரண்டும் நான்கால் வகுபட்டால்தான் இது நடக்கும். இரண்டும் ஒரே அளவு தள்ளியிருந்தாலும் பாதகமில்லை. முதல் சில பைட்டுகளைக் கையால் எடுத்து வைத்துவிட்டு, ஜீப் நிற்கும் வாசல் வந்ததும் ஏற்றத் தொடங்கலாம். கடைசியில் மிஞ்சியவர்களையும் அப்படியே கைபிடித்துக் கூட்டிப்போகலாம்.

சிக்கல் இரண்டும் வெவ்வேறு அளவு தள்ளியிருக்கும்போதுதான். எடுப்பது 11லிருந்து, வைப்பது 0ல். எத்தனை பைட்டைக் கையால் நகர்த்தினாலும் இரண்டும் ஒரே நேரத்தில் ஜீப் வாசலுக்கு வராது. இங்கேதான் அந்தப் பழைய வெட்டு-ஒட்டு வேலையை நாமே செய்ய வேண்டும். 8ல் நின்று நால்வரை ஏற்று. 11ல் இருந்தவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூவரை இறக்கு. 12ல் நின்று நால்வரை ஏற்று. அதில் முதல் மூவரை ஏற்கெனவே இருப்பவருக்குப் பின்னால் உட்கார வை. நிறைந்த வண்டியைக் கொண்டுபோய் இறக்கு. மிஞ்சிய ஒருவர் அடுத்த நடைக்கு முதல் ஆள். எந்திர மொழியில் இது ஒரு வலப்பெயர்ச்சி, ஓர் இடப்பெயர்ச்சி, ஒரு சேர்ப்பு. படிப்பதும் எழுதுவதும் சேர்த்து நான்கு பைட்டுக்கு 7 சுற்று. நான்கு நடைக்கு ஒருமுறை தாவினால் 512 பைட்டுக்கு 1,024 சுற்று. நேர்ப்பாதையைவிட இருமடங்குக்கு மேல், பைட் பைட்டாகப் போவதில் கால்வாசி.

தாவலைக் குறைக்க நடைகளை விரித்து எழுதும் இந்த யோசனைக்கு ஒரு புகழ்பெற்ற முன்னோர் உண்டு. 1983ல் லூகாஸ்ஃபிலிமில் வேலை பார்த்த டாம் டஃப், எட்டு நகலை ஒரே சுற்றில் விரித்து, மிச்சம் மீதியைச் சமாளிக்க சுற்றின் நடுவிலேயே குதித்து நுழையும் சி நிரல் ஒன்றை எழுதினார். இன்றுவரை மாணவர்கள் அதைப் பார்த்து வாயடைத்துப் போகிறார்கள். எனக்கு அதன் அழகைவிட, அது பிறந்த காரணம் பிடிக்கும். ஒரு படம் திரையில் போதிய வேகத்தில் நகரவில்லை. அதை நகர்த்த வேண்டியிருந்தது.

இவ்வளவையும் அசெம்ப்ளியில் எழுதி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. என் தொல்லை எல்லாம் முகப்பு 11 பைட் என்பதால்தானே? பொட்டலம் வந்து விழும் பஃபரை 0ல் தொடங்காமல் 1ல் தொடங்கினால் முகப்பு 11ல் முடியும், அளவுகள் 12ல் தொடங்கும். ஒரே ஒரு பைட் வீண். வெட்டும் வேண்டாம், ஒட்டும் வேண்டாம், 448 சுற்றுப் பாதை திறந்துவிடும். லினக்ஸ் இதைக் காலங்காலமாகச் செய்துவருகிறது. ஈதர்நெட் முகப்பு 14 பைட் என்பதால், பொட்டலத்தை இரண்டு பைட் தள்ளி இறக்கி, உள்ளே இருக்கும் ஐபி முகப்பை 16ல் உட்கார வைக்கிறது. நகலை வேகமாக்குவதற்கு முன், பொருளை முதலில் எங்கே இறக்கி வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அசெம்ப்ளி எழுதத் துடிக்கும் இளைஞர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உண்மையைச் சொன்னால், மழைக்கு இந்த வேகம் தேவையே இல்லை. பத்து நிமிடத்துக்கு நான்கு பைட். பைட் பைட்டாக எடுத்து வைத்தாலும் 32 சுற்று. பெரிய மெம்காப்பி, வகுபடுகிறதா, எவ்வளவு நீளம் என்று பார்த்துத் தீர்மானிப்பதற்கே அந்த அளவு சுற்றைத் தின்றுவிடும். ரேடியோ ஒருமுறை வாய் திறந்தால் ஆகும் மின்செலவுக்கு முன்னால் இதெல்லாம் தூசு. ஆனால் ஜியோஃபோன் வேறு. மண்ணுக்குள் நடக்கும் நொறுங்கலைக் கேட்க வேண்டுமானால் வினாடிக்கு நூற்றுக்கணக்கில் அளவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அளவுகள் குவியும், நகர்த்தியாக வேண்டும், நகர்த்தும் நேரத்தில் அடுத்த அளவு தவறக்கூடாது. அங்கே 4,096க்கும் 448க்கும் இடையில் இருப்பது பேட்டரியின் ஆயுள். சூரியனைக் காணாத ஜூலை மாதத்தில் அது சின்ன விஷயமில்லை.

வேகத்தைவிடச் சரிபார்ப்பில்தான் நான் அதிக நாள் செலவிட்டேன். எடுக்கும் இடம் நான்கு விதமாகத் தள்ளியிருக்கலாம், வைக்கும் இடமும் நான்கு விதம். பதினாறு சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 64 வரை எல்லா நீளமும். மொத்தம் 1,040 சோதனை. வைக்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் காவல் பைட்டுகளை நிறுத்தி, ஒவ்வொரு நகலுக்குப் பிறகும் அவை அப்படியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நீளம் 0 என்பதை விட்டுவிடுபவர்கள் அதிகம். அதில்தான் என் முதல் நிரல் விழுந்தது. முக்கியமாக, மேசையில் இருக்கும் பொறுமைசாலி சிப்பில் அல்ல, மலைக்குப் போகும் சிப்பிலேயே சோதிக்க வேண்டும்.

எண்ணிலும் ஒரு சோதனை உண்டு. 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் வானிலைத் துறை அதை அதி கனமழை என்கிறது. என் வாளிக் கணக்கில் அது 1,022 கவிழ்ப்பு. நினைவகத்தில் 254, 3, 0, 0. அந்த 3 என்ற இரண்டாவது பைட் மட்டும் வழியில் தவறினால் 1,022 என்பது 254 ஆகிவிடும். 204.4 மில்லிமீட்டர், 50.8 ஆகத் தெரியும். அது கனமழைக் கணக்கிலேயே வராது. 255 கவிழ்ப்பு வரை, அதாவது 51 மில்லிமீட்டர் வரை, முதல் பைட் ஒன்றே போதும் என்பதால் அந்தத் தவறு சாதாரண மழை நாளில் கண்ணில் படவே படாது. பெருமழை நாளில்தான் வெளிப்படும். அதனால் குழாய்த் தண்ணீரை நம்பாமல், 1,022 என்ற எண்ணை நானே நிரலுக்குள் வைத்து, மலையிலிருந்து போடி வரை அனுப்பி, 1,022 ஆகவே வந்து இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் பெட்டியை மறுபடி மூடினேன்.

அந்த 200க்கு வருகிறேன். இரண்டாம் முறை நட்ட பிறகு வந்த எண் அது. எண்ணும் இடத்திலிருந்து நான்கு பைட்டும் பொட்டலத்தின் 12ம் வாசலுக்குப் போயின. ரேடியோ அவற்றை ஏலச்செடிகளுக்கு மேலாக ஸ்டோருக்கு எறிந்தது. மழைநீர் இலையில் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தளரும், அதனால் முதல் முறை பதில் வரவில்லை. மறுபடி அனுப்பியது, மூன்றாம் முறை ஏற்பு வந்தது. ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் அறையின் வெளிச்சுவரில் இருக்கும் பெட்டி அதை எஸ்டி கார்டில் எழுதி, சிம் கார்டு வழியாகக் கீழே அனுப்பியது. காலை 5 மணிக்குக் கணக்குப்பிள்ளை போனைப் பார்த்து, ஸ்டோர் வாசல் கரும்பலகையில் சாக்பீஸால் பெரிதாக 40 என்று எழுதினார். தேதியையும் போட்டார்.

போடியில் ஜீப் ஓட்டுபவர் கிளம்பும் முன் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "அண்ணே, மேல எவ்வளவு?"

"நாப்பது. ரெண்டு நாளா விடாம நனைஞ்சிருக்கு. மேட்டுத் துண்டுல இன்னிக்கு ஆள் இறக்க வேணாம்."

அன்று பதினாலு பெண்களும் கீழ்த் தோட்டத்தில் வேலை செய்தார்கள். கரும்பலகையில் எழுதும் வழக்கம் இந்தப் பருவத்திலும் தொடர்கிறது.